எண் பிறக்கும் இடத்துக்குப் போ

அன்புள்ள தங்கைக்கு,

பம்ப் செட் தொழிற்சாலையின் நிதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த செய்தியோடு இரண்டு கேள்விகளையும் எழுதியிருந்தாய். ஒரு தொழிற்சாலையின் நிர்வாகம் நன்றாக நடக்கிறதா என்று கணக்கை வைத்து எப்படிச் சொல்வது? மாதாமாதம் அறிக்கை தயாரித்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், ஒருநாள் நிதித் தலைவர் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வளர என்ன செய்ய வேண்டும்? இதே கேள்விகளோடு ஓசூரிலும் கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பல இளைஞர்கள் இருப்பார்கள். அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். உன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு எண்ணும் தொழிற்சாலையில் ஏதோ ஓர் இடத்தில் பிறந்திருக்கிறது. உலைக்கு முன்னால், ஸ்டோர்ஸில், டெஸ்பேட்ச் வாசலில், ஒரு டீலரின் குடோனில். அந்த இடம்வரை எண்ணைத் துரத்திக்கொண்டு போய், அங்கே கண்டதை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் காலம் கடக்கும் முன் சொல்கிறவர்தான் நிதி நிர்வாகி. நிர்வாகத்தின் தரத்தை அளக்க அவரால்தான் முடியும். அவருக்குத்தான் வளர்ச்சியும் உண்டு.

இதற்குச் சாட்சியாக ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையைச் சொல்கிறேன். நீ தேர்வுக்குப் படித்த டுபாண்ட் சூத்திரத்தை உருவாக்கிய டொனால்ட்சன் பிரௌன்தான் அவர். சூத்திரம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதை எழுதியவர் எங்கிருந்து வந்தார் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1885-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர் பிரௌன். வர்ஜீனியாவில் மின் பொறியியல் படித்தார். ரயில்வேயில் மின் பிரிவில் வேலை பார்த்தார். மின் கருவிகள் விற்றார். 1909-இல் டுபாண்ட் நிறுவனத்தில் வெடிமருந்து விற்பனையாளராகச் சேர்ந்தார். ஆக, கணக்கு அவருடைய முதல் வேலை அல்ல. பொருள் எப்படி ஓடுகிறது, வாங்குகிறவர் எதற்காகத் தயங்குகிறார் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் அவர் பேரேட்டைத் திறந்தார். 1912 வாக்கில் நிறுவனத்தின் செயல்திறனைப் பற்றி மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அது கண்ணில் பட்டு, பொருளாளர் அலுவலகத்துக்கு இழுக்கப்பட்டார். 1918-இல் அவரே பொருளாளர்.

முதலீட்டுக்கு எவ்வளவு ஆதாயம் என்று கேட்கும் பழக்கம் டுபாண்டில் பிரௌனுக்கு முன்பே இருந்தது. அவர் செய்தது அந்த ஒற்றை எண்ணைப் பிரித்தது. விற்பனையில் நூற்றுக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது என்பது ஒரு பாதி. போட்ட முதல் ஆண்டுக்கு எத்தனை முறை விற்பனையாகச் சுழல்கிறது என்பது மறுபாதி. இரண்டையும் பெருக்கினால் முதலீட்டு ஆதாயம்.

எளிய கணக்கு ஒன்று பார். இரண்டு தொழிற்சாலைகள். இரண்டிலும் முதலீடு ₹10 கோடி, லாபம் ₹2 கோடி. ஆதாயம் இரண்டிலும் 20 சதவீதம். ஆனால் முதல் தொழிற்சாலை ₹40 கோடிக்கு விற்று, நூற்றுக்கு 5 ரூபாய் லாபத்தில் ஓடுகிறது. இரண்டாவது ₹10 கோடிக்கு விற்று, நூற்றுக்கு 20 ரூபாய் லாபம் பார்க்கிறது. முதலாவதற்கு மூலப்பொருள் விலை கொஞ்சம் ஏறினாலே மூச்சு முட்டும். இரண்டாவதன் பணம் இயந்திரமாகவும் சரக்காகவும் உறைந்து கிடக்கிறது. மேலே தெரியும் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நோய் வேறு.

பிரௌன் அதோடு நிற்கவில்லை. லாபத்தை விற்பனை விலை, உற்பத்திச் செலவு, விற்பனைச் செலவு, நிர்வாகச் செலவு என்று பிரித்தார். முதலீட்டைக் கட்டடம், இயந்திரம், கச்சாப்பொருள், பாதி முடிந்த சரக்கு, முடிந்த சரக்கு, வரவேண்டிய பாக்கி என்று பிரித்தார். ஒவ்வொன்றையும் இன்னும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு குறிப்பிட்ட பட்டறையின் குறிப்பிட்ட வேலையில் போய் நிற்கலாம். பின்னாளில் வில்மிங்டனில் இருந்த டுபாண்ட் தலைமையகத்தில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. நூற்றுக்கணக்கான வரைபடங்கள் மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கும். எந்தப் பிரிவைப் பற்றிப் பேச்சோ அதன் படத்தை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் நிர்வாகக் குழு கேள்வி கேட்கும். சூத்திரத்தின் நோக்கமே அதுதான். கேள்வி எந்த வாசலில் போய்க் கேட்கப்பட வேண்டும் என்பதைக் காட்டுவது.

அடுத்த கட்டம்தான் அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரிய சோதனை. ஜெனரல் மோட்டார்ஸில் டுபாண்ட் நிறுவனம் பெரும் பங்கு வாங்கியிருந்தது. 1920-இல் அந்த வண்டிக் கம்பெனி கிட்டத்தட்டக் கவிழ்ந்தது. அதன் நிறுவனர் வில்லியம் டூரன்ட் கம்பெனிகளை வாங்கிச் சேர்ப்பதில் வல்லவர். ஆனால் ஒவ்வொரு பிரிவு மேலாளரும் தன் இஷ்டத்துக்குச் சரக்கு வாங்கிக் குவிப்பதைத் தடுக்க அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை. சரக்கு இருப்புக்கு 15 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த அக்டோபரில் இருப்பு 20.9 கோடி டாலரில் நின்றது. அதே நேரத்தில் சந்தை விழுந்தது. வரம்பு வைத்தவர்களிடம் காகிதம் இருந்தது, அதை மீறுகிறவரை மீறும் அன்றே பார்க்கிற கண் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் டூரன்ட் வெளியேறினார். 1921-இல் பிரௌன் நிதிப் பொறுப்பேற்கும் துணைத் தலைவராக ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தார். 1923-இல் தலைவரான ஆல்பிரட் ஸ்லோனும் பிரௌனும் சேர்ந்து அந்தக் கம்பெனியை மறுபடி கட்டினார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நிதானமாகப் பார். முதலில் பணம். ஒவ்வொரு பிரிவும் தன் தன் கணக்கில் காசைப் பதுக்கி வைத்திருந்தது. ஒரு பிரிவு கடன் கேட்டு அலையும்போது இன்னொன்றிடம் உபரி தூங்கும். சுமார் நூறு வங்கிகளில் கம்பெனியின் பெயரிலேயே கணக்கு திறந்து, எல்லாப் பிரிவுகளின் வரவையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அடுத்தது புதிய முதலீடு. இயந்திரம் வாங்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கொடு, எதிர்பார்க்கும் ஆதாயத்தைச் சொல், அனுமதி வாங்கு என்ற ஒழுங்கு வந்தது. மூன்றாவது விலை. ஒரு நல்ல ஆண்டின் உற்பத்தியை வைத்தோ மோசமான ஆண்டின் உற்பத்தியை வைத்தோ அடக்கவிலை போட்டால் இரண்டுமே பொய் சொல்லும். ஆகவே கொள்ளளவில் 80 சதவீதம் ஓடினால் என்ன செலவாகும் என்பதை நிலையான அடிப்படையாக வைத்து, நீண்ட காலச் சராசரியில் 20 சதவீத ஆதாயம் தரும் விலை எது என்று கணக்கிட்டார் பிரௌன். சந்தை ஏறும்போது மிதப்பும் இறங்கும்போது பீதியும் இல்லாமல் முடிவெடுக்க அது வழி தந்தது.

இவ்வளவு இருந்தும் 1924-இல் மறுபடி சறுக்கல் வந்தது. டீலர்களிடம் வண்டி தேங்குகிறது என்று தலைமையகத்துக்குச் சந்தேகம்; பிரிவு மேலாளர்களோ விற்பனை சூடுபிடித்துவிடும் என்று உற்பத்தியைக் குறைக்காமல் ஓட்டினார்கள். மே மாதம் ஸ்லோனும் பிரௌனும் டீலர்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ். போன ஊரிலெல்லாம் விற்காத வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஸ்லோன் உடனே உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார். ஒவ்வொரு தடவையும் தலைவரே ஊர் ஊராகப் போய் வண்டியை எண்ண முடியாது. அதனால் அந்தப் பயணத்தின் பாடம் ஓர் ஏற்பாடாக மாறியது. பத்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு டீலரும் எத்தனை வண்டி வாடிக்கையாளரிடம் போனது, கையில் எத்தனை புதிய வண்டி, எத்தனை பழைய வண்டி என்று எழுதி அனுப்ப வேண்டும். அதுவரை தொழிற்சாலை, டீலருக்கு வண்டி போனாலே விற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது கடைசி வாடிக்கையாளர் வாங்குவதுதான் விற்பனை என்ற கணக்கில் உற்பத்தி ஓடத் தொடங்கியது.

இதன் பலன் பெருமந்தத்தில் தெரிந்தது. 1929-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 19 லட்சம் வண்டிகள் விற்றது. 1932-இல் அது 6 லட்சத்துக்கும் கீழே போனது. மூன்றே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விற்பனையை இழந்த கம்பெனி, அந்த 1932-இலும் நஷ்டக் கணக்கு காட்டவில்லை. லாபம் மிகச் சிறியது, ஆனாலும் லாபம். சந்தை திரும்புவது சீக்கிரம் தெரிந்ததால் சரக்கு குவியவில்லை. சரக்கு குவியாததால் கையில் பணம் இருந்தது. நிர்வாகத்தின் செயல்திறன் என்று நான் சொல்வது இதைத்தான். நல்ல காலத்து லாபத்தைச் சந்தையே கொடுத்துவிடும். கெட்ட காலத்தில் கம்பெனி எப்படி நிற்கிறது என்பதில்தான் நிர்வாகத்தின் உழைப்பு தெரியும்.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் இடம் இல்லாத ஒன்றும் இருந்தது. உற்பத்தியைக் குறைத்தபோது வேலை இழந்தவர்கள் தொழிலாளர்கள். வேலையில் நீடித்தவர்கள் வேகத்தைக் கூட்டச் சொல்லும் நெருக்கடியில் நசுங்கினார்கள். 1936 டிசம்பர் 30 அன்று பிளின்ட் நகரத் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் 44 நாள் நீடித்தது. கம்பெனி சார்பில் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தவர்களில் பிரௌனும் ஒருவர். 1937 பிப்ரவரி 11-இல் கம்பெனி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது. நிதி நிர்வாகியின் முன்னால் வராத செலவு என்று எதுவும் இல்லை. பேரேட்டில் ஏறாதது, சில ஆண்டுகள் கழித்து வாசலில் வந்து உட்காரும். தொழிலாளர் வருகை, விபத்து, வேலையை விட்டுப் போகிறவர் எண்ணிக்கை ஆகியவற்றை மனிதவளப் பிரிவின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதே. அவை நாளைய லாப நஷ்டக் கணக்கின் முன்பகுதிகள்.

இனி உன் தொழிற்சாலைக்கு வருவோம். ஒரு நல்ல எண், மோசமான நிர்வாகத்தை எப்படி மறைக்கும் என்று மூன்று இடங்களைக் காட்டுகிறேன். மூன்றையும் நீ முதல் ஆண்டிலேயே சந்திப்பாய்.

முதலாவது, குடோனுக்காக ஓடும் உற்பத்தி. மாத நிலையான செலவு ₹1 கோடி, வழக்கமான கொள்ளளவு 20,000 பம்ப் என்று வைத்துக்கொள். ஒரு பம்பின் தலையில் ₹500 நிலையான செலவு விழும். இந்த மாதம் விற்பது 10,000 மட்டும். அதற்கேற்ப 10,000 மட்டும் செய்தால், பொருளில் ஏறாத ₹50 லட்சமும் சேர்ந்து ₹1 கோடி முழுவதும் இந்த மாத லாபத்தில் கழியும். 20,000 செய்து பாதியைக் குடோனில் அடுக்கினால், ₹50 லட்சம் சரக்கு மதிப்போடு போய் ஒளிந்துகொள்ளும். கணக்கியல் விதிப்படி இதில் தவறு இல்லை. விற்பனை அதேதான், வெளியே போன பணம் கூடுதல், லாபம் மட்டும் ₹50 லட்சம் அதிகமாகத் தெரியும். மேலாளர் அந்த லாபத்துக்கு ஊக்கத்தொகையும் வாங்குவார். ஆகவே லாபம் உயர்ந்த மாதத்தில் நீ முதலில் பார்க்க வேண்டியது முடிந்த சரக்கின் இருப்பு. புத்தக இருப்பை நம்பி உட்காராமல் குடோனுக்குப் போய், அட்டைப்பெட்டி மேல் இருக்கும் உற்பத்தித் தேதியைப் படி. டீலர்களிடம் எவ்வளவு கிடக்கிறது என்று விற்பனைப் பிரிவிடம் கேள். மாதக் கடைசி மூன்று நாளில் எத்தனை பில் போட்டார்கள், அடுத்த மாத முதல் வாரத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்.

இரண்டாவது, வயதான இயந்திரம். ₹10 கோடி முதலீட்டில் ₹2 கோடி லாபம் என்றால் ஆதாயம் 20 சதவீதம். ஐந்து ஆண்டு தேய்மானம் கழித்த பின் புத்தக மதிப்பு ₹5 கோடி. லாபம் அதே ₹2 கோடிதான். ஆதாயம் இப்போது 40 சதவீதம்! எந்த மேலாளரும் எதையும் மேம்படுத்தவில்லை. இயந்திரத்துக்கு வயதானது மட்டும்தான் நடந்திருக்கிறது. புதிய இயந்திரம் வாங்கினால் இந்த அழகான எண் விழுந்துவிடும் என்று வாங்குவதைத் தள்ளிப்போடும் மேலாளர்கள் உண்டு. டுபாண்டில் தேய்மானம் கழிக்காத மூல மதிப்பை வைத்தே ஆதாயம் பார்த்ததற்குக் காரணம் இதுதான். நீயும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார். கூடவே பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டு. இயந்திரம் நின்ற மணிநேரமும் ஸ்கிராப்பின் எடையும் ஏறிக்கொண்டே இருந்தால், அந்த 40 சதவீதம் அடுத்த தலைமுறையிடமிருந்து எடுத்த கடன்.

மூன்றாவது, பிறர் பணத்தில் காட்டும் திறமை. நடைமுறை மூலதனத்தைக் குறைத்தோம் என்று ஒரு நிர்வாகம் பெருமைப்பட்டால், சரக்கு குறைந்ததா, வசூல் வேகமானதா, அல்லது கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லையா என்று பார். உங்களுக்கு வார்ப்பு ஊற்றித் தரும் சிறிய பவுண்டரிக்காரரும், ஷாஃப்ட் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரரும் வாரக்கூலி கொடுக்கிறவர்கள். அவர்களுடைய பில்லை 120 நாள் தள்ளிப்போட்டால் உங்கள் சுழற்சி அழகாகத் தெரியும். அவர்கள் வட்டிக்கு வாங்குவார்கள், பிறகு தரத்தில் கைவைப்பார்கள், கடைசியில் உங்கள் பம்ப் வயலில் நின்றுபோகும். இதில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டியோடு. 2023-இல் நிதிச் சட்டம் இதற்கு இன்னொரு பல்லும் கொடுத்தது: குறு, சிறு தொழில்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். ஆனாலும் பாக்கிப் பட்டியலை நீ பார்க்கும்போது சட்டம் இரண்டாவதாக நினைவுக்கு வரட்டும். முதலில் அந்தப் பட்டறைக்காரரின் சனிக்கிழமைச் சம்பளம் நினைவுக்கு வரட்டும்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜெனரல் மோட்டார்ஸே சாட்சி. பிரௌன் 1946-இல் ஓய்வு பெற்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் நிதிப் பிரிவு வழியாக வந்தவர்கள் அந்தக் கம்பெனியின் உச்சிக்குப் போனார்கள். 1949-இல் கணக்கு எழுத்தராகச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் 1981-இல் தலைவரானார். ஜப்பானிய வண்டிகள் விலையிலும் தரத்திலும் முந்திக்கொண்டிருந்த காலம். தொழிலாளர் செலவு அதிகம் என்று எண் சொன்னது. ரோபோக்களிலும் புதிய ஆலைகளிலும் பல ஆயிரம் கோடி டாலரைக் கொட்டினார்கள்; 1984-இல் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

அதே 1984-இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வேறொன்று நடந்தது. உருப்படாத ஆலை என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய இடம் அது. டொயோட்டாவோடு கூட்டாக அதை மறுபடி திறந்தார்கள். பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே வேலைக்கு எடுத்தார்கள். தொழிற்சங்கமும் அதேதான். மாறியது நிர்வாகம். குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். நிறுத்தியவரிடம் மேற்பார்வையாளர் ஓடி வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். கொஞ்ச காலத்திலேயே அங்கே செய்த வண்டிகள் ஜப்பானில் செய்தவற்றோடு தரத்தில் போட்டி போட்டன. தொழிலாளர் செலவு என்று அறிக்கையில் தெரிந்த வரியின் வேர், குறையைச் சொல்ல வாய் இல்லாமல் நின்ற மனிதர்களிடம் இருந்தது. வேர் தெரிந்தும் மற்ற ஆலைகளில் அந்த முறை மெதுவாகத்தான் பரவியது. அமெரிக்கச் சந்தையில் 1980 வாக்கில் சுமார் 45 சதவீதமாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு 2008-இல் சுமார் 22 சதவீதம். 2009 ஜூன் 1 அன்று திவால் மனு. ஓய்வூதியச் சுமை, எரிபொருள் விலை, நிதி நெருக்கடி எல்லாம் அதற்குக் காரணங்கள்தாம். நிதித்துறையினர் மட்டுமே கெடுத்தார்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் பிரௌன் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டிய கணக்கு மரத்தின் உச்சி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, வேர்வரை இறங்கும் பழக்கத்தை அவர்கள் தொலைத்தார்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசமானது. எண் கீழிருந்து மேலே வராமல் மேலிருந்து கீழே வருவது. ஜப்பானின் தோஷிபாவில் நடந்தது அதுதான். காலாண்டு முடியச் சில நாள் இருக்கும்போது, இவ்வளவு லாபம் காட்ட வேண்டும் என்று தலைவரிடமிருந்து பிரிவுகளுக்கு இலக்கு இறங்கும். 'சேலஞ்ச்' என்பது அதற்கு அங்கே வழங்கிய பெயர். எட்ட முடியாத இலக்கை எட்டியதாகக் காட்டக் கணக்குகள் வளைந்தன. கணினிப் பிரிவில், வண்டி வண்டியாக உதிரிபாகங்களை ஒப்பந்த உற்பத்தியாளருக்கு உயர்ந்த விலையில் கொடுத்து, பொருள் முடிந்து திரும்பி வருவதற்கு முன்பே அந்த வித்தியாசத்தை லாபமாக எழுதினார்கள். 2015 ஜூலையில் வெளிப்புறக் குழுவின் அறிக்கை வந்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் 15,000 கோடி யென்னுக்கும் மேல் லாபம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது. அப்போதைய தலைவர் ஹிசாவோ தனகாவும் அவருக்கு முன் இருந்த இருவரும் பதவி விலகினார்கள். தணிக்கைக் குழுவின் தலைமையில் இருந்தவர் அதே கம்பெனியின் முன்னாள் நிதித் தலைவர். பார்க்க வேண்டிய கண்கள் பலவும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஒன்றும் உரக்கச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் தோஷிபாவின் பங்கு, 74 ஆண்டுகளுக்குப் பின், பங்குச் சந்தையிலிருந்தே நீங்கியது.

உன்னிடமும் ஒருநாள் மாத முடிவில் ஒரு பெரியவர் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போடும்மா, அடுத்த மாசம் சரியாயிடும்" என்பார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார். அவருக்கு மேலே ஓர் அழுத்தம் இருக்கும். சத்தம் போடாதே. "சார், போட்டால் அடுத்த மாதம் இதைவிடப் பெரிய பள்ளம் விழும். உண்மை எண்ணையும் அதற்கான காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன், நாம் இருவரும் சேர்ந்தே மேலே சொல்வோம்" என்று சொல். பத்தில் எட்டுப் பேர் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அப்போது தேவைப்படுவது பக்கத்தில் நிற்க ஓர் ஆள். ஒப்புக்கொள்ளாதவரிடம் எழுத்தில் மறுத்துவிடு. வேலை போகலாம். வேறு வேலை கிடைக்கும். முதல் பொய்யை எழுதிய கைக்கு இரண்டாவது பொய்யை மறுக்கும் உரிமை போய்விடும்; அது திரும்பக் கிடைக்காது.

இனி, வளர்ச்சி பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் தலைமை அலுவலகத்தின் குளிர்சாதன அறையைத் தேடிப் போகாதே. ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கும்போது போய் நில். எடைச்சீட்டும் ரசீதும் எப்படிப் பிறக்கின்றன என்று பார். பவுண்டரியில் எத்தனை கிலோ உருக்கி எத்தனை கிலோ நல்ல வார்ப்பு எடுக்கிறார்கள் என்று நீயே ஒரு ஷிப்ட் குறித்துப் பார். பிறகு உன் கணினியில் இருக்கும் விகிதத்தோடு ஒப்பிடு. ஒரு சர்வீஸ் மெக்கானிக்கோடு உழவர் ஒருவரின் கிணற்றடிக்குப் போய், எந்தப் பாகம் முதலில் தேய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். சூப்பர்வைசர்களிடம் போகும்போது குற்றம் கண்டுபிடிக்க வந்த ஆள்போல் போகாதே. "அண்ணா, இந்த எண் எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேள். முப்பது ஆண்டு அனுபவத்தை எந்தப் புத்தகமும் தராத தெளிவோடு சொல்லித் தருவார்கள்.

செலவுக் கணக்கியல் தேர்வுகளை முடித்துவிடு. வரியும் கம்பெனிச் சட்டமும் அத்துப்படியாக இருக்கட்டும். கம்பெனிச் சட்டம் 2013-இன்படி பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்கு முழுநேர நிதித் தலைவர் கட்டாயம். அவர் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்களில் ஒருவர். அந்த இடத்துக்கு வருகிறவர் கையெழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். வங்கிக்காரரிடமும் முதலீட்டாளரிடமும் பேசத் தெரிந்த பலர் கிடைப்பார்கள். அவர்களிடம் பேசிவிட்டு அதே நாள் மாலை பவுண்டரி மேனேஜரிடம் அவர் மொழியிலும் பேசத் தெரிந்தவர் அரிது. வெடிமருந்து விற்ற பொறியாளர் ஒருவர் உலகின் மிகப் பெரிய வண்டிக் கம்பெனியின் துணைத் தலைவர்வரை உயர்ந்ததற்குக் காரணம் அந்த அரிதான இரட்டைத் திறமைதான்.

ஒரு கம்பெனியின் நிர்வாகத்தை எடைபோட வேண்டி வந்தால் ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. நல்லதும் கெட்டதும் கலந்த ஐந்தாறு ஆண்டுகளை எடு. லாபம் பணமாக வந்ததா என்று பார். சரக்கு விற்பனையைவிட வேகமாக வளர்ந்ததா, இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டனவா, சப்ளையர்களுக்கு உரிய நாளில் காசு போனதா, அனுபவசாலித் தொழிலாளர்கள் தங்கினார்களா என்று பார். கடைசியாக ஒன்று: கெட்ட செய்தி கீழிருந்து மேலே போக எத்தனை நாள் ஆகிறது என்று பார். எந்த அறிக்கையிலும் அச்சாகாத அளவு அது. நல்ல நிர்வாகத்தில் அது ஒரு நாள். மோசமான நிர்வாகத்தில் அது தணிக்கையாளர் வரும்வரை.

அந்த நாட்களைக் குறைப்பதுதான் உன் வேலை. அடுத்த மாத அறிக்கையிலிருந்தே தொடங்கு. உனக்குப் புரியாத ஓர் எண்ணை அதில் தேர்ந்தெடு, அது பிறந்த இடத்துக்கு நடந்து போ, கண்டதைப் பத்து வரியில் எழுதி உன் மேலாளரிடமும் அந்தப் பட்டறையின் பொறுப்பாளரிடமும் ஒரே நாளில் கொடு. மாதம் ஓர் எண் போதும். இரண்டு ஆண்டில் அந்தத் தொழிற்சாலையை உன்னளவு அறிந்தவர்கள் நிதிப் பிரிவில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். உன்னைக் கேட்காமல் முடிவெடுக்கவும் தயங்குவார்கள்.

நீ நன்றாக வருவாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அன்புடன்,
உன் அண்ணன்